பின்படிக்கட்டு

அவளை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள், பெற்ற தாய் உட்பட. ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல அவளை உட்கார வைக்க முடியாது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். முழங்காலை அழுத்திப் பிடித்தால் விரல் தாளம் போடும். சாப்பிடும்போதே தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவாள். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பாள் அம்மா.

பிறவிக் குணம் ஒன்றுமில்லை அது. சிறுமியாக இருந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுலா விசாவில் இந்த நகரத்தில் வந்து இறங்கினாள். விசா முடிந்தது, அவர்கள் திரும்பிப் போகவில்லை. போவதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை. கதவைத் தட்டினால் சத்தம் காட்டாதே, போலீஸ் வண்டியைப் பார்த்தால் ஓடாதே, நிற்கவும் செய்யாதே, உன் பாட்டுக்கு நடந்துகொண்டே இரு என்று சொல்லிச் சொல்லி அம்மா வளர்த்தாள். நடந்துகொண்டே இருக்கிறவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முப்பதை நெருங்கியும் உடம்பு அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின் அறையில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டினாள். மாப்பிள்ளையின் மாமா கொட்டாவி விடுவதை வெட்டுவாள். மணப்பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிடுவாள். மைக் கீச்சென்று கத்திய இடத்தில் பாட்டைப் போட்டு மூடுவாள். எந்தப் பெண் நிஜமாக அழுகிறாள், எந்தப் பெண் மேக்கப் கலையாமல் அழுகிறாள் என்று அவளுக்கு அத்துப்படி. நகரத்தில் பாதிக் கல்யாணம் அவள் கையால்தான் நடந்தது. தன் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் தட்டோடு ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

"குடியுரிமைப் பேப்பர் இருக்கிற பையனாப் பார்த்துக் கட்டிக்கிட்டா உனக்கும் பேப்பர் வந்துடும். என் காலத்துக்கு அப்புறம் நீ பயந்து பயந்து சாக வேணாம்ல" என்று அம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வாள். பம்பரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில மாலைகளில் அந்தத் தெருவில் ஒரு நகரப் பேருந்து திரும்பும். ஓட்டுகிறவள் ஒரு பெண். திருப்பத்தில் ஹாரனை லேசாக, வேண்டாத இடத்தில், ஒருமுறை தட்டுவாள்.

அந்தப் பேருந்துக்காரியைப் பம்பரம் 'டிரைவர்' என்றே அழைத்தாள். சண்டையிலும் டிரைவர், கொஞ்சலிலும் டிரைவர். ஸ்டுடியோ கேமராவை இரவல் வாங்கித் தெருவைப் படம்பிடித்துக்கொண்டிருந்த ஒருநாள், பேருந்தை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து, "எதுக்கு என் பஸ்ஸையே எடுத்துக்கிட்டு இருக்க? புகார் எழுதப் போறியா?" என்று கேட்டவள் அவள். "பஸ்ஸை எடுக்கல" என்றாள் பம்பரம். அங்கே ஆரம்பித்ததுதான்.

பேருந்து ஓட்டுகிறவர்களுக்குக் காலையில் ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட். நடுவில் வெட்டியாகக் கொஞ்சம் பொழுது. அந்தப் பொழுதில் டிரைவர், பம்பரத்தின் நாலாவது மாடி வீட்டுக்கு வந்து தூங்குவாள். அவளிடம் ஒரு சாவி இருந்தது. அம்மா அந்நேரம் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கட்டடத்துக்கு முன்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்பக்கம், சமையலறைகளை ஒட்டி, குப்பை இறக்குவதற்கென்று குறுகலாக இன்னொன்று. டிரைவர் வருவதும் போவதும் பின்பக்கம்தான். முன்படிக்கட்டில் ஏறினால் மாடிக்கு ஒரு கண் பார்க்கும். பார்த்த கண்ணுக்கு வாயும் உண்டு. அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் பேப்பர் இல்லாதவர்கள். அடுத்தவர் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள்தான். ஆனால் இப்படிப்பட்ட ரகசியத்தை அவர்கள் எப்படி வாங்கிக்கொள்வார்கள் என்று பம்பரத்துக்குத் தெரியவில்லை. பரீட்சித்துப் பார்க்கத் துணிச்சலும் இல்லை.

தீப்பிடித்தது ஒரு பிற்பகலில். கீழ்த்தளத்து வீட்டில் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு யாரோ போனில் பேசப் போயிருந்தார்கள். பம்பரம் ஸ்டுடியோவில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்தபோது, குடியிருப்பவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்க நடைபாதையில், கரி அப்பிய முகங்களோடு நின்றார்கள். அம்மா நின்றாள். மூன்றாம் மாடித் தையல் அக்கா தன் மெஷினையே தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தாள். மூன்று மாடி எப்படித் தூக்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தீயணைப்பு வண்டியை யாரும் கூப்பிடவில்லை. வண்டி வந்தால் பின்னாலேயே கேள்வியும் வரும். ஆண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல, மேல இருக்கறவன் காப்பாத்துனான்" என்று எல்லாரும் சொன்னார்கள்.

எல்லாரும் என்றால், நடைபாதையில் நின்ற எல்லாரும்.

டிரைவர் அப்போது பேருந்து டிப்போவின் கழிப்பறையில் இருமிக்கொண்டிருந்தாள். சட்டையெல்லாம் கரி, முழங்கை கிழிந்து ரத்தம். பம்பரத்திடம் அவள் விஷயத்தைச் சொல்லவே நாளாயிற்று. அன்றைக்கு அம்மா விரலை வெட்டிக்கொண்டு சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறாள். முன்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும், டிரைவர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவு வழியாகப் பின்படிக்கட்டில் இறங்கிவிட்டாள். புகை வாடை வந்தது. யார் வீட்டிலோ கருகுகிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள். கீழே கதவில் சங்கிலி, சங்கிலியில் புதுப் பூட்டு. முன்பு அது இருந்ததில்லை. பூட்டோடு மல்லுக்கட்டும்போதே பக்கத்துச் சமையலறைக் கதவின் இடுக்கில் புகை பீறிட்டது. மேலே ஏறினால் புகையும் கூடவே ஏறியது. தட்டிய கதவுகள் எதுவும் திறக்கவில்லை. எல்லாரும் முன்வழியாக ஓடிவிட்டிருந்தார்கள். கடைசியில் படித்திருப்பத்தில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலை முழங்கையால் உடைத்து, கீழே இருந்த குப்பைத் தொட்டியின் மேல் குதித்தாள்.

"இவ்வளவு நடந்திருக்கு, ஏன்டி சொல்லல?" என்று பம்பரம் கத்தினாள்.

"சொல்லி? உங்கம்மாகிட்டப் போய்ச் சண்டை போடுவியா, ஓனர்கிட்டப் போய்ச் சண்டை போடுவியா? ரெண்டுமே உன்னால முடியாது."

பூட்டு அப்படியே தொங்கியது. கட்டட ஓனரிடம் யாரும் கேட்கவில்லை. நகராட்சியில் புகார் கொடுக்கப் பெயர் வேண்டும், முகவரி வேண்டும், அடையாள அட்டை வேண்டும். பூனைக்கு மணி கட்ட எலிகளிடம் அட்டை கேட்டால் எப்படி?

பம்பரம் படம் எடுக்க ஆரம்பித்தாள். வேறெந்த ஆயுதமும் அவளிடம் இல்லை. வீடு வீடாகப் போனாள். ஆட்களை ஜன்னலுக்கு எதிரே முதுகு காட்டி உட்கார வைத்து, முகம் இருட்டாக விழும்படி எடுத்தாள். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. தையல் அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். "என் பிள்ளைங்க தூங்குறப்ப நான் ஷூவைக் கழட்டறதில்ல, தெரியுமா? மறுபடி தீப்பிடிச்சா ஓடணும்ல" என்றாள். அதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் பேசினார், அவரைக் கேட்டு அதற்கடுத்த வீடு. கல்யாண வீடியோவில் அழுகையை வெட்டி ஒட்டிப் பழகிய கை, இந்தக் குரல்களை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் தடுமாறியது.

டிரைவரைக் கடைசியாக எடுத்தாள். பேருந்து வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில், காலி வண்டியில், நல்ல வெயிலில்.

"முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பாத. இருட்டடிக்கணும்" என்றாள் பம்பரம்.

"எதுக்கு இருட்டடிக்கணும்? எனக்குத்தான் பேப்பர் இருக்கே."

"பேப்பர் மட்டும் இருந்தாப் போதுமா? டிப்போல பார்ப்பாங்க. உங்க அண்ணன் பார்ப்பாரு."

"பார்க்கட்டும்" என்று டிரைவர் ஸ்டீயரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள். ஒரு வார்த்தை மறைக்கவில்லை. இருமல் வந்த இடத்தில் இருமினாள்.

படத்தை முதலில் பார்த்தவர் குடியிருப்போர் சங்கத்துக்காரர். பேப்பர் உள்ளவர், நல்ல மனுஷன். இவர்களுக்காகப் பல அலுவலகங்களில் செருப்புத் தேய நடந்தவர். நகராட்சியின் பாதுகாப்புக் குழு, நூலக அரங்கில் ஒரு பொதுக் கூட்டம் வைக்கப்போவதாகச் சொன்னார். அங்கே இதைப் போட்டுக் காட்டலாம். பூட்டை எடுக்க வைக்கலாம். புகார் கொடுக்க அட்டை கேட்கக் கூடாது என்றும் கேட்கலாம்.

"ஆனா தங்கச்சி, அந்த டிரைவர் பொண்ணு பேசற இடம் வேணாம்."

"ஏண்ணா?"

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, அவங்கவங்க வாழ்க்கை. ஆனா பூட்டைப் பத்திப் பேச வந்தவங்க உங்க ரெண்டு பேரைப் பத்திப் பேசிட்டுப் போயிடுவாங்க. விஷயம் திசை மாறிடும்."

"அன்னைக்குப் பூட்டைப் பார்த்தது அவ ஒருத்திதாண்ணா."

"அப்படி யாராவது கேட்டாப் பார்த்துக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது; அதுதான் தொல்லை. பம்பரம் அந்தப் பகுதியை வெட்டினாள். ஸ்டுடியோவிலிருந்து பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி ஒட்டினாள். காலையில் வெட்டினாள், சாப்பாட்டு வேளையில் ஒட்டினாள். முகம் காட்டாத தையல் அக்காவிடம் "உள்ளதைச் சொல்லுக்கா" என்று கேட்டு வாங்கியவள், தன் உள்ளதை மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல மறைக்கலாமா என்று ஒரு மனது கேட்டது. அம்மாவை நினை என்றது இன்னொன்று. பேருந்தில் வேலைக்குப் போனால் டிக்கெட் பரிசோதகர் அட்டை கேட்பாரோ என்று பயந்து, எத்தனை தூரமானாலும் நடந்தே போகிற அம்மா. அவளிடம் போய், உன் மகளைப் பற்றி இதையும் சேர்த்துத் தாங்கிக்கொள் என்று சொல்வதா?

"உன் இஷ்டம்" என்றாள் டிரைவர். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். வெட்டறதும் ஒட்டறதும் உன் வேலை." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்கத் திருப்பத்தில் ஹாரன் கேட்கவில்லை.

கூட்டத்தன்று பம்பரம் இரண்டு படங்களையும் லேப்டாப்பில் கொண்டுபோனாள், டிரைவர் உள்ள படம், டிரைவர் இல்லாத படம். போட்டது டிரைவர் இல்லாததை.

அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேடையில் குழுவின் தலைவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓனர் வரவில்லை, அவர் வக்கீல் வந்திருந்தார். கட்டடத்து ஆட்கள் சிலர் வாசலுக்குப் பக்கத்து நாற்காலிகளாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அம்மாவைப் பார்த்ததும் பம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல் அக்கா கையோடு இழுத்து வந்திருக்கிறாள். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துகொள்ளலாம் என்பதுபோல நாற்காலி நுனியில் இருந்தாள்.

படம் ஓடியது. ஷூவைக் கழற்றாத தாயின் குரல் வந்தபோது அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். சங்கத்துக்காரர் பம்பரத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

வக்கீல் எழுந்தார். "படம் ரொம்ப உருக்கமா இருக்கு. எனக்கே தொண்டையை அடைச்சிடுச்சு" என்றார். "ஆனா ஒரு சந்தேகம். அந்தப் பூட்டு தீ விபத்துக்கு அப்புறம் போட்டது. பின்படிக்கட்டு பழுதாயிடுச்சு, யாரும் விழுந்துடக் கூடாதுன்னு எங்க கட்சிக்காரர் போட்டாரு. விபத்தன்னைக்குக் கதவு திறந்துதான் இருந்துச்சு. இந்தப் படத்துல பேசுன அத்தனை பேரும் முன்பக்கமா இறங்குனதாத்தான் சொல்றாங்க. பின்கதவுக்குப் போய்ப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா? முகமும் இல்ல, பேரும் இல்ல. இது அந்தக் கட்டடம்தானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

தலைவி சங்கத்துக்காரரைப் பார்த்தார். சங்கத்துக்காரர் தன் காகிதங்களைப் பார்த்தார். "யாராவது இருக்காங்களா?" என்று தலைவி மறுபடி கேட்டார்.

பம்பரம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனது ஆகட்டும் என்று பம்பரம் ஒரு முடிவுக்கு வந்த மாதிரிகூட இல்லை. லேப்டாப்பில் விரல் தானாகப் போயிற்று. கல்யாண வீடியோவில் தப்பான இடத்தில் வெட்டிவிட்டால் அடுத்த கணமே திருத்தும் அதே விரல்.

திரையில் பேருந்து வந்தது. வெயில். டிரைவரின் முகம் அரங்கின் சுவர் அகலத்துக்கு நிறைந்தது.

"அன்னைக்கு நான் பின்படிக்கட்டுலதான் இருந்தேன்" என்றாள் திரையில் இருந்தவள். "ஏன் அங்க இருந்தேன்னு கேப்பீங்க. நாலாவது மாடியில எனக்குப் பிரியமானவ இருக்கா. ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கிறோம், ஃப்ரெண்டு இல்ல. அவ ஒரு பொண்ணு, நானும் ஒரு பொண்ணு. யார் கண்லயும் படாம வந்து போகணும்னு பின்பக்கமாப் போவேன். அவங்கம்மா சாவி போடற சத்தம் கேட்டு ஓடுனேன். கீழ வந்தா சங்கிலி. புதுப் பூட்டு, மேல ஒட்டுன விலைச்சீட்டுகூடக் கிழிக்கல. கையால, காலால, ஷூவால அடிச்சேன். அடிக்கிற சத்தம் வெளிய கேட்டிருக்கும், ஆனா அங்க யாரும் இல்ல. இருக்கறதே யாருக்கும் தெரியாத ஒருத்தியை யாரு வந்து தேடுவாங்க?" இருமினாள். இருமல் நிற்கக் காத்திருந்தாள். "என் பேரு, வேலை, அட்டை எல்லாம் இருக்கு. எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன்."

வக்கீல் தண்ணீர் குடித்தார்.

"இதை எடுத்தது யாரு?" என்று கேட்டார் தலைவி.

பம்பரம் எழுந்து நின்றாள். "நான்தான் எடுத்தேன்" என்றாள். அது போதாது என்று தோன்றியது. "அந்த நாலாவது மாடிப் பொண்ணும் நான்தான்."

"உங்க அடையாள அட்டையைப் பார்க்கலாமா?" என்றார் வக்கீல்.

"இல்ல. சின்னப் பிள்ளையா வந்தேன், இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு பேப்பரும் இல்ல. அதனாலதான் சார் இத்தனை நாளா யாரும் புகார் கொடுக்கல. அது தெரிஞ்சுதான் உங்க கட்சிக்காரரும் பூட்டுப் போட்டாரு."

அரங்கில் சலசலப்பு. "இந்தக் கூட்டத்துல யாரையும் அட்டை கேக்கறதுக்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது" என்று தலைவி கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு சொன்னார். அதற்குள் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டி, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்துவிட்டாள்.

அடுத்த சில நாட்களில் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். இயந்திரம் வைத்துச் சங்கிலியை அறுத்தார்கள். பொறி பறந்தது. பம்பரம் அதைப் படம்பிடித்தாள். தையல் அக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் எல்லாரும் தட்டிக்கொடுக்கவில்லை. அதிகாரிகள் கட்டடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்த இரண்டாம் மாடிக் குடும்பம் ஒன்று, பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. "கதவைத் திறந்துட்டம்மா நீ. எங்களுக்குத்தான் அது வழியா வெளிய போற நிலைமை" என்று அந்த வீட்டுக்காரர் போகிறபோக்கில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். ஸ்டுடியோக்காரர், "நிலைமை கொஞ்சம் சரியாகட்டும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றார். டிப்போவில் டிரைவரின் லாக்கரில் யாரோ அசிங்கமாக எழுதி வைத்தார்கள். அவள் தேய்த்துக் கழுவினாள். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் வந்து தாங்களும் தேய்த்தார்கள்.

அம்மா பேசவில்லை. சமைத்தாள், தட்டில் போட்டு வைத்தாள், விடியுமுன் வேலைக்குப் போனாள். பம்பரம் "அம்மா" என்று ஆரம்பித்தால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். அந்த மூன்று அறை வீட்டில் பம்பரம் கூண்டுப்புலிபோல நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒருநாள் முற்பகலில் சமையற்கூடத்திலிருந்து போன் வந்தது. "உங்கம்மா இன்னைக்கு வரலையே, உடம்பு சரியில்லையா?"

அம்மா இருட்டோடு கிளம்பிப் போயிருந்தாள். போனை வீட்டிலேயே விட்டிருந்தாள்.

பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? நான் கூட்டத்தில் வாயைத் திறந்ததற்கு அவளைத் தூக்கிவிட்டார்களா? ஓட்டமும் நடையுமாகப் பம்பரம், அம்மா வழக்கமாகப் போகும் தெருக்களில் எல்லாம் தேடினாள். மருத்துவமனையில் விசாரித்தாள். சந்தையில் விசாரித்தாள். காவல் நிலையத்தின் முன்னால் வந்தாள். மற்றவர்களாக இருந்தால் உள்ளே போய், எங்கம்மாவைக் காணோம் என்று சொல்வார்கள். அவள் ஓடாமல், நிற்காமல், வாசலைக் கடந்து நடந்தாள். மூலை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுபடி திரும்பி வந்து மறுபடியும் கடந்தாள்.

மூன்றாவது முறை கடக்கப் போனபோது டிரைவரிடமிருந்து செய்தி வந்தது. 'உங்கம்மா என் பஸ்ல இருக்காங்க. காலைலேர்ந்து இறங்கவே மாட்டேங்கறாங்க. பேசவும் மாட்டேங்கறாங்க. வா.'

அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பேருந்தைப் பிடித்து ஏறினாள். அம்மா, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பேருந்து என்றாலே பயப்படுகிற அம்மா. பம்பரத்தைப் பார்த்து, பக்கத்து இருக்கையைக் கண்ணால் காட்டினாள். பம்பரம் உட்கார்ந்தாள். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கண்ணாடியில் டிரைவரின் கண் அடிக்கடி இவர்கள் பக்கம் வந்து போயிற்று. கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி திரும்பினாள்.

"அன்னைக்குச் சாவிச் சத்தம் கேட்டு ஓடுனியாமே" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"எதுக்கு ஓடுன?"

"நீங்க வந்துட்டீங்கன்னு..."

"வந்தா? வந்து என்ன பண்ணியிருப்பேன்?"

பம்பரம் வாயெடுத்தாள், அம்மா கையைக் காட்டி அடக்கினாள்.

"நானே சொல்றேன். கத்தியிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்திருப்பேன். இவளை நாலு அறை விட்டிருப்பேன். ஊரையா கூட்டியிருக்கப் போறேன்? கூட்டறதுக்கு எனக்கு எந்த ஊரு இருக்கு? கீழ புகை, புகைக்கு நடுவுல பூட்டு, மேல நான். மேல திரும்பி வந்து, 'கதவைத் திறங்கம்மா'ன்னு என் சமையல்கட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்ல?"

"தட்டுனேம்மா" என்றாள் டிரைவர் மெல்ல. "புகை தெரிஞ்சப்புறம் முதல்ல வந்தது உங்க கதவுக்குத்தான். அதுக்குள்ள நீங்க முன்பக்கமா இறங்கிட்டீங்க."

அம்மாவின் முகத்தில் இருந்தது என்ன என்று, எத்தனையோ முகங்களை வெட்டி ஒட்டிய பம்பரத்துக்கும் பிடிபடவில்லை.

"அப்ப தட்டுனவ, அதுக்கு முன்னாடியே ஓடாம நின்னிருக்கலாம்ல" என்றாள் அம்மா. குரல் உடைந்தது. "புகையைவிட நான் மோசமாடி? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அப்படியா நினைச்சு வெச்சிருந்தீங்க? கூட்டத்துல அத்தனை பேரு முன்னாடி எனக்கு வலிச்சது அதுதான். நீங்க ரெண்டு பேரும் யாருங்கிறது இல்ல. அது எனக்குப் பாதி தெரியும். என் தலகாணி உறையில டீசல் வாடை அடிச்சா எனக்குத் தெரியாதா?"

டிரைவர் படக்கென்று சிரித்துவிட்டாள், சிரிப்பு இருமலானது, இருமல் அழுகையானது. அம்மா கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"எனக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிடறேன்" என்றாள். "சட்டுனு பிடிச்சுடும்னு எதிர்பார்க்காதீங்க. ஆனா இனிமே வந்தா முன்பக்கமா வரணும். எவ கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். இந்த இருமலுக்கு டாக்டரைப் பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"பொய் சொல்றா" என்றாள் பம்பரம்.

"தெரியுது" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. பம்பரத்தின் பெயரில் குடியேற்ற அலுவலகத்தில் ஒரு வழக்குத் திறந்தார்கள். சங்கத்துக்காரர் தேடிக்கொடுத்த ஒரு பெண் வக்கீல் வாதாடுகிறார். தேதி தள்ளிப்போகிறது, மறுபடி தள்ளிப்போகிறது. நாளைக்கே போகச் சொன்னாலும் சொல்லலாம். புகார் கொடுக்க அட்டை தேவையில்லை என்ற அறிவிப்பை நகராட்சி இழுத்தடித்து, கடைசியில் ஒட்டியது. ஒட்டிய மாதமே வேறு மூன்று கட்டடங்களில் பூட்டு அறுபட்டது. படம் இப்போது டிரைவரின் பகுதியோடு முழுசாக ஓடுகிறது. பள்ளிக்கூட அரங்குகளில், தொழிற்சங்க அலுவலகங்களில். சில இடங்களில் பாதியில் எழுந்து போகிறார்கள். சில இடங்களில், எல்லாரும் போனபிறகு யாராவது ஒருவர் நாற்காலி மடக்குகிற சாக்கில் தங்கி, பம்பரத்திடம் தணிந்த குரலில் பேச ஆரம்பிக்கிறார்.

ஸ்டுடியோக்காரர் திரும்பக் கூப்பிடவில்லை. பம்பரம் அடுத்த படத்தை வீட்டு மேஜையில் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா வேலை செய்யும் சமையற்கூடத்தைப் பற்றிய படம். அம்மா பின்னால் நின்று பார்த்துக் குறை சொல்கிறாள்.

"வெங்காயம் உரிக்கிறதை எதுக்கு இவ்வளவு நேரம் காட்டற? பார்க்கறவனுக்குக் கண்ணு எரியாது?"

"எரியட்டும்னுதாம்மா."

"அப்ப என் கையை எடு. இதுல வர்றவ உரிக்கிறது சரியில்ல, பாதிச் சதையையும் சேர்த்து உரிக்கறா. நான் நாளைக்கு உரிச்சுக் காட்டறேன். முகத்தோட எடு, ஆனா முன்னாடியே சொல்லிட்டு எடு, தலைவாரிக்கணும்."